நனைந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் பார்க்காதீர்கள்

நீலகிரிப் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) மைக் செட் ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் சுற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். சமுதாயக்கூடத்துக்குள் மழைநீர் புகுந்து, இரவு முழுவதும் அது சேற்றுநீரில் கிடந்திருக்கிறது. "காலையில் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம் அண்ணா, டப்பென்று வெடித்துவிட்டது" என்றான் தம்பி. கோத்தகிரியில் பழுது பார்க்கும் எனக்கு, ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் இந்தப் "போட்டுப் பார்த்தோம்" என்ற சொல்லைக் கேட்டு வயிறு எரிகிறது.

தண்ணீரில் கிடந்த இரவில் அந்தப் பெட்டி சாகவில்லை; சுவிட்சைத் தட்டிய நொடியில்தான் செத்தது. சேற்றுநீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்துக்கு வழிவிடும் என்பதால், ஈரமான போர்டில் மின்சாரம் பாய்ந்ததும் செப்புத் தடங்கள் அரிபடத் தொடங்குகின்றன. பவர் டிரான்சிஸ்டருக்கு அடியில் காப்பாக வைத்துள்ள மைக்கா தகட்டோரம் தேங்கிய நீர் ஷார்ட் ஆக்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஊறிப்போன காப்புத்தாள் தாங்காமல் சுருள் கருகுகிறது. இந்தப் பெட்டியில் மூன்றும் நடந்திருந்தன.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்ததாகவும் சிலர் பெருமையோடு சொல்கிறார்கள். போர்டில் படிந்த உப்பை அரிசி எப்படி எடுக்கும்? அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்: முதலில் நல்ல தண்ணீர், பிறகு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும். அதற்கும் முன்னால் பில்டர் கண்டன்சரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும் என்பதால், தெரியாதவர்கள் மூடியைக்கூடத் திறக்க வேண்டாம்.

எங்கள் ஊர் மூடுபனியில் வெயிலை நம்பிக் காய வைப்பதும் வீண். குண்டு பல்பு எரியும் மரப்பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரை நான் நான்கைந்து நாள் வைக்கிறேன். பிறகு மெக்கர் வைத்துக் காப்பைச் சோதித்து, 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு, அதன் வழியாகத்தான் முதல் மின்சாரம் கொடுப்பேன். பல்பு பளிச்சென்று மின்னி மங்கினால் மூச்சு வரும். மங்காமல் எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. இத்தனை பொறுமையையும் ஒருவர் அரை நொடியில் பாழாக்கிவிட்டு, "இன்றைக்கே கிடைக்குமா?" என்று கேட்கும்போது எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

சுருளை மறுபடி சுற்றும் ரீவைண்டிங்குக்காக டிரான்ஸ்ஃபார்மர் கோயம்புத்தூர் போயிருக்கிறது. பண்டிகைக்கு அவர்கள் வாடகை செட் எடுக்கிறார்கள். அதே கூடத்தில் இன்னொரு ஆம்ப்ளிஃபயரும் நனைந்து கிடக்கிறதாம். யாரும் கை வைக்காமல், ஈரத்தோடே அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.