‘காக்னி அண்ட் லேசி’யை மீட்டவை கடிதங்கள் மட்டும்தானா?

நியூயார்க் பெண் துப்பறிவாளர்கள் இருவரைப் பற்றிய ‘காக்னி அண்ட் லேசி’ தொடரை ரசிகர்களின் கடிதங்களே மீட்டன என்றும், ஆகவே போதிய கையெழுத்து திரட்டினால் எந்தக் குற்றப் புலனாய்வுத் தொடரையும் காப்பாற்றிவிடலாம் என்றும் பரவும் செய்தி பாதி உண்மையே. 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் தொடரை நிறுத்தியதும் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தது மெய்தான். ஆனால், அந்தக் கோடையில் மறுஒளிபரப்பான பழைய பகுதிகளுக்குப் பார்வையாளர் கூடியதும், செப்டம்பரில் அதன் நாயகியரில் ஒருவரான டைன் டேலி சிறந்த நடிகைக்கான எம்மி என்னும் தொலைக்காட்சி விருது பெற்றதும் சேர்ந்தே முடிவை மாற்றின. 1984 மார்ச்சில் தொடர் திரும்பியது. விளம்பரதாரர்கள் பார்ப்பது பார்வையாளர் அளவீட்டை. அது வீடுகளில் உண்மையில் பார்க்கப்படுவதைக் கணக்கிடுவதால், எவ்வளவு உருக்கமான மனுவில் இட்டாலும் கையெழுத்து அதில் ஏறாது. 20 பருவங்கள் ஓடி 2010இல் நிறுத்தப்பட்ட ‘லா அண்ட் ஆர்டர்’ குற்றத் தொடர்கூட 2022இல்தான் திரும்பியது.