மிஷோ முகாம் கைதிகள் கட்டியது இல்லை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காவை ஒட்டிய மிஷோ காட்டில் இடிந்து கிடக்கும் முகாமை, இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகளை அடைத்துவைத்து மரம் நடவைத்த இடம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கைதிகள் இருந்தது உண்மைதான், ஆனால் அது 1943-லிருந்துதான். முகாம் 1933-லேயே தொடங்கிவிட்டது.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை கிடைக்காமல் திண்டாடிய, கல்யாணமாகாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் அரசு அமைத்த வனப் பாதுகாப்புப் படையின் முகாம் அது. யாரையும் பிடித்து இழுத்து வரவில்லை, தாங்களாகவே ஆறு மாதத்துக்குப் பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள். சாப்பாடு, துணி, படுக்கை போக மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் மிஞ்சுவது ஐந்தே டாலர். அந்த 25 டாலரில் அடுப்பு எரிந்த வீடுகள் எத்தனையோ!

அப்புறம் எப்படி இந்தக் குழப்பம்? முகாம்களை நடத்தியது ராணுவம், பையன்களுக்குச் சீருடையும் உண்டு. 1942-ல் படை கலைந்ததும் காலியான அதே கொட்டகைகளுக்கு வேலி போட்டுப் போர்க்கைதிகளை விசாரிக்கும் ரகசிய இடமாக்கினார்கள். போருக்குப் பின் பல ஆண்டுகள் தேவாலயங்களின் கோடைமுகாமும் அங்கேதான் நடந்தது. இன்று நிற்கும் பழைய கல் களஞ்சியச் சுவரோ இவர்கள் எல்லோருக்கும் முந்தியது, அங்கிருந்த பண்ணையுடையது.