கால்வாசி அப்பம்

எங்கள் அம்மாயி ஏற்காட்டில், காபித் தோட்டத்து லைன் வீட்டில், கடைசி நான்கு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கஞ்சியே கரண்டியில்தான் இறங்கியது. "விழுங்கவே முடியல, எப்படி நன்மை வாங்கும்?" என்று நாங்களாகவே முடிவுகட்டி, பங்குக் குருவான சாமியைக் கூப்பிடாமல் இருந்துவிட்டோம். நன்மை என்றால் நற்கருணை, பூசையில் கிறிஸ்துவின் உடலாக நாங்கள் வாங்கும் அப்பம். நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஒருநாள் அம்மாயியே வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் சொல்லி அனுப்பினோம். மழையில் நனைந்துகொண்டு சாமி வந்தார். அப்பத்தில் கால்வாசியைப் பிட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தார். பிறகு விரல் நுனியைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் புகட்டினார். புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நன்மை வாங்க, படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் பக்கத்திலேயே நின்றான். சாமி போனதும் கேட்டான்: "மாமா, பாட்டிக்குக் கால்வாசி இயேசுதான் கிடைச்சாரா?"

சின்னப் பையன் கேள்வி என்று தள்ள முடியாது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் மக்களுக்கு அப்பம் மட்டுமே, திராட்சை இரசக் கிண்ணம் இல்லை என்று சட்டம் வைத்தபோது, இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவில் பெரிய கலகமே வந்தது. எங்கள் பங்குக் கோவிலில் குருவுக்கு மட்டும் இரண்டும், நமக்கு ஒன்றுதானா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1551-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் தெளிவாகச் சொன்னது: அப்பத்தின் தோற்றத்திலும் முழு கிறிஸ்து, இரசத்தின் தோற்றத்திலும் முழு கிறிஸ்து, பிட்ட ஒவ்வொரு துண்டிலும் முழு கிறிஸ்து.

ஏன்? நற்கருணையில் வருபவர் உயிர்த்தெழுந்தவர். 'இனிமேல் இறக்கமாட்டார்' என்கிறார் பவுல் (உரோமையர் 6:9). சாகாதவருடைய உடலையும் இரத்தத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. உடல் எங்கேயோ அங்கே இரத்தமும் ஆன்மாவும் இறைத்தன்மையும் சேர்ந்தே இருக்கும். சாமி பிட்டபோது பிளந்தது அப்பத்தின் தோற்றம். ஆண்டவர் பிளவுபடவில்லை.

'எல்லாம் ஓர் அடையாளம்தானே' என்று மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை. வெறும் அடையாளம் என்றால் பாதியாக்கலாம், காலாக்கலாம். ஆள் என்றால் கால்வாசி ஆள் கிடையாது; வந்தால் முழுசாகத்தான் வருவார். கப்பர்நாகூம் ஊரில், தம் சதையை உண்டு இரத்தத்தைக் குடிக்கவேண்டும் என்று இயேசு சொன்னபோது, 'இந்தப் பேச்சு கடினம்' என்று சீடர்கள் பலர் விலகிப் போனார்கள். சும்மா ஒப்புமைக்குச் சொன்னேன் என்று இயேசு அவர்களைத் திருப்பிக் கூப்பிடவில்லை. பன்னிருவரிடம் 'நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா?' என்றுதான் கேட்டார்.

சாகக் கிடக்கிறவர்களுக்கு இந்த வழித்துணையை மறுக்கக்கூடாது என்று 325-இலேயே நிசேயாப் பொதுச்சங்கம் விதித்தது. லத்தீனில் அதற்கு வைத்த பெயர் வியாத்திகும். நம்ம ஊர்ப் பேச்சில் கட்டுச்சோறு.

உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருந்தால் நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ஒரு பொட்டுத் துணுக்கு போதும். அதுவும் இறங்காது என்றால் இரசத்தை மட்டும் கொடுக்கலாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 925-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒரு மணி நேர நோன்பும் நோயாளிக்குக் கட்டாயமில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் இல்லை. சாமிக்குப் போன் போடும்போதே 'கெட்டியா எதுவும் இறங்காது' என்று சொல்லிவிடுங்கள். இரசம் என்றால் பூசையிலிருந்தே மூடிய பாத்திரத்தில் எடுத்து வரவேண்டும்.