கெட்ட கனவு கூடினால் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா?

"அதிர்ச்சியைத் திரும்பப் பேசவைக்கும் சிகிச்சை காயத்தைக் கிளறும், கெட்ட கனவு கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு தவறான முடிவுக்குத் தள்ளும் செய்தி இது.

இது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கான (PTSD) சிகிச்சை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில் (Prolonged Exposure), நோயாளி கண்ணை மூடிக்கொண்டு நடந்ததை இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்பார். பயந்து ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போய்வருவார். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். தொடக்கத்தில் சிலருக்குத் தொந்தரவு கூடுவது உண்மைதான். ஆனால் ஃபோவா குழுவின் 2002 ஆய்வில் அவர்கள் சிறுபான்மையினரே. மற்றவர்களைவிட அதிகமாக அவர்கள் சிகிச்சையிலிருந்து விலகவில்லை, பலனும் குறையவில்லை.

சரி, பாதியில் விலகுபவர்களே இல்லையா? நிறையப் பேர் இருக்கிறார்கள். தவிர்ப்பது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அமர்வுக்கு வராமல் இருப்பதும் அதே தவிர்ப்பாக இருக்கலாம். அதனால்தான் நல்ல சிகிச்சையாளர், "நடுவில் வரவே மனசு வராது, அப்போது போன் பண்ணுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவைப்பார். அமர்வுகளை நெருக்கி வைப்பதும் ஒரு வழி. அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 10 அமர்வுகளை 2 வாரத்தில் முடித்தாலும் 8 வாரத்துக்குப் பரப்பினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

தற்கொலை எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும்.