டேப் முதலில் யார் கைக்குப் போக வேண்டும்?

இலங்கையின் மலையகப் பாடசாலைகளுக்கு டேப், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினி, வருவது இப்போது புதினமில்லை. பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அனுப்புகிறார்கள். எங்காவது ஒரு தொண்டு நிறுவனம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குகிறது. நல்ல விஷயம்தான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் படம் எடுத்து முடிந்த பிறகு அந்த டேப்கள் எந்த வகுப்புக்குப் போகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் 11ஆம் தரத்துக்கு. அதிலும் அந்த வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுக்கும் என்று நம்புகிற பிள்ளைகளுக்கு. ஏற்கெனவே நன்றாக வாசிக்கிற பிள்ளையிடம் வாசிப்புச் செயலியைக் கொடுத்து என்ன பயன்?

நான் ஹட்டன் பக்கத்தில் இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பாடசாலைக்குப் பத்து டேப் வந்தால், பத்தும் முதலில் போக வேண்டியது 6, 7, 8ஆம் தரங்களில் இருந்தும் இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளிடம்.

அந்த வயதில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று கொழும்பில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். வெளியில் தெரியாது, அவ்வளவுதான். பாடத்தை வாசி என்றால் எழுந்து நின்று கடகடவென்று சொல்லிவிடுவார்கள். முன்னால் இரண்டு பேர் வாசித்ததைக் கேட்டிருந்தாலே முழுப் பந்தியும் காதில் ஏறியிருக்கும். அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள். விரலைக் கவனித்தால்தான் விஷயம் பிடிபடும். வாய் நான்காவது வரியில் இருக்கும், விரல் முதல் வரியைத் தாண்டியிருக்காது. பந்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால் பதில் வராது. பின் வாங்கில் யாராவது சிரிப்பார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வராது. வந்தாலும் கொப்பி கொண்டுவராது. கொப்பி கொண்டுவராத பிள்ளை என்று ஏச்சு வாங்குவது, வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று பெயர் எடுப்பதைவிட மேல் என்று அதுவாகவே முடிவு செய்திருக்கும்.

காரணம் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்களே, அந்த வருஷம் 1ஆம் தரத்துக்கு வந்த பிள்ளைகள் இன்று இடைநிலைப் பிரிவில் இருக்கிறார்கள். எழுத்தும் ஒலியும் மனதில் ஒட்ட வேண்டிய முதல் இரண்டு வருஷமும் அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போனது. வீட்டுக்கு ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள். சிக்னல் வேண்டுமென்றால் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, மேட்டுக்கு ஏற வேண்டும். மூத்த பிள்ளைக்குப் பரீட்சை என்றால் போன் அதற்குத்தான். சின்னது சும்மா இருக்கும். அப்புறம் 2022இல் கடதாசித் தட்டுப்பாடு, மணிக்கணக்கில் கரண்ட் வெட்டு, பஸ் கட்டணம். பாடசாலை திறந்த பிறகு விட்ட இடத்திலிருந்து யாரும் தொடங்கவில்லை. பாடத்திட்டம் எங்கே இருந்ததோ அங்கிருந்துதான் தொடங்கினார்கள். பிறகு 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. சித்தியடையக்கூடிய பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு நடந்தது. மற்றப் பிள்ளைகள் வயதோடு சேர்ந்து வகுப்பும் ஏறி எங்களிடம் வந்துவிட்டார்கள்.

அம்மா சொல்லிக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. விடியற்காலையில் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய், நாள் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஒரு தாயிடம் இரவில் என்ன மிச்சம் இருக்கும்? தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டெம்பரில்தான். டியூஷனுக்கு அனுப்பு, போன் வாங்கிக் கொடு, டேட்டா போடு என்று அந்தக் குடும்பத்திடம் சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

சரி, டேப் இதில் என்ன செய்யும்? அது ஆசிரியரைவிட நன்றாகக் கற்பிக்கும் என்று நான் சொல்லவில்லை. அதன் முன்னால் வெட்கப்படத் தேவையில்லை, அதுதான் பெரிய விஷயம். 13 வயதுப் பையனை மற்றவர்கள் முன்னால் உட்கார வைத்து ஆனா ஆவன்னா அட்டையைக் காட்டினால் அவன் செத்தாலும் வாய் திறக்க மாட்டான். அதே பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தால், ஒரே சொல்லைப் பத்துத் தடவை தட்டிக் கேட்பான். டேப் பெருமூச்சு விடாது. "போன கிழமையும் இதைத்தானே சொன்னேன்" என்று கேட்காது.

நம்முடைய எழுத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் முக்கியம். 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம், உண்மையில் தடுக்குவது சில இடங்களில்தான். கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற வரிசையைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. கௌ என்பதன் கடைசித் துண்டு ள மாதிரியே இருக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு வடிவமாகக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். கரும்பலகையில் நாற்பது பேருக்கு ஒரு தடவை எழுதிக் காட்டுவதைவிட, திரையில் கொம்பை இழுத்து ககரத்தோடு சேர்த்ததும் ஒலி மாறுவதை அந்தப் பிள்ளையே செய்து கேட்பது நன்றாக ஏறுகிறது. சொல் ஒலிக்கும்போதே அந்தச் சொல் நிறம் மாறும் வசதியும் அப்படித்தான். வாய் ஓரிடம், விரல் ஓரிடம் என்று போக முடியாது.

எனக்கு இதில் நம்பிக்கை வரக் காரணமான ஆய்வு ஒன்று உண்டு. டில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பெரும்பாலும் 6 முதல் 9 வரையான வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி, 2019இல் வெளியிட்டார்கள். பாடசாலை விட்ட பிறகு ஒன்றரை மணிநேரம். அதில் பாதி நேரம் பிள்ளை தனியாகக் கணினியில், மறுபாதி சிறு குழுவாக ஓர் உதவியாளரோடு. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் ஹிந்தியிலும் தெளிவான முன்னேற்றம். அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குகிறது. நம் வகுப்பறையில் ஓர் ஆசிரியரால் செய்ய முடியாமல் போவது இதுதான்.

இதற்கு நேரெதிர் பெரு நாடு. ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கிராமப்புறப் பாடசாலைகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 2012இல் வந்த மதிப்பீட்டில், கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொருள் போய்ச் சேர்ந்தது, அதை வைத்து யாருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்ற ஏற்பாடு போய்ச் சேரவில்லை. நாமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பீடிஎஃபை டேப்பில் ஏற்றிவிட்டு டிஜிட்டல் கல்வி என்று சொல்கிறோம். தாளில் வாசிக்க முடியாத பந்தியை அந்தப் பிள்ளை கண்ணாடியில் மட்டும் எப்படி வாசிக்கும்?

இதுவரை சொன்னது வாசிப்பு. எழுத்து விஷயத்தில் நான் வேறு கட்சி.

விசைப்பலகையில் எழுதப் பழக்குவதை 9ஆம் தரம் வரைக்குமாவது தள்ளிப்போடுங்கள் என்பேன். கையால் கொ எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். டேப்பில் தட்டும்போது முதலில் க, அதன் பிறகு ஒகரக் குறி, உடனே முழு எழுத்தும் வந்து நிற்கும். கை பழக வேண்டிய வரிசையைக் கருவி விழுங்கிவிடுகிறது. அதோடு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் மேலே மூன்று சொல் வந்து நிற்கிறது, பிள்ளை ஒன்றைத் தொடுகிறது. ல, ள, ழ எது என்று யோசிக்கவே இல்லை. 8ஆம் தரத்தில் ஒரு பிள்ளை டேப்பில் "கொழுந்து" என்று பிழையில்லாமல் தட்டிக் காட்டினாள். உடனே கொப்பியில் எழுதச் சொன்னேன். "கெலுந்து" என்று எழுதினாள். காலும் போய்விட்டது, ழகரமும் போய்விட்டது. அம்மாவும் அம்மாயியும் தினமும் பறிக்கிற கொழுந்து அது. இன்னும் சில பிள்ளைகள் மைக்கைத் தொட்டுப் பேசியே கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். கட்டுரை அழகாக இருக்கிறது, எழுதியது பிள்ளையில்லை. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் பேனையும் தாளும்தான் இருக்கும்.

நோர்வேயில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்து 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தட்டச்சு செய்யும்போது இருப்பதைவிடக் கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு அதிகம் என்று கண்டார்கள். அந்த மாணவர்கள் கையால் எழுதியதும் தொடுதிரையில்தான், டிஜிட்டல் பேனையால். ஆக, கண்ணாடி பகையில்லை. எழுத்தைக் கை உருவாக்க வேண்டும், அதுதான் விஷயம். திரையில் எழுதும் பேனை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொப்பியில் எழுதவிட்டு, அதை டேப்பில் படமெடுத்துப் பெரிதாக்கி, பிள்ளையையே பிழை பார்க்க வைக்கலாம். சிவப்புப் பேனையால் நான் சுழிப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

டேப்பில் எனக்கு மிகவும் பிடித்த செயலி எது தெரியுமா? எல்லா டேப்பிலும் சும்மா கிடக்கிற ஒலிப்பதிவுதான். பிள்ளை ஐந்து வரி வாசித்துப் பதிவு செய்யும். தானே கேட்கும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கும். யாருக்கும் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஒரு பையன் அப்படிக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி "டீச்சர், இது நானா வாசிச்சேன்?" என்று கேட்டான். அடுத்த பக்கத்தைத் தானாகவே திருப்பினான். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் வராது. வீட்டில் அம்மாயியிடம் அந்தக் காலத்துக் கதையைக் கேட்டுவந்து வகுப்பில் சொல்லிப் பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதவும் வைக்கலாம். தன் வாயிலிருந்து வந்த சொல் என்றால் எழுதுவதில் ஒரு ஆசை வருகிறது.

வாசிக்கக் கொடுப்பதற்குத்தான் தட்டுப்பாடு. கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்புச் செயலி தமிழில் இருக்கிறது, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிறது, கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஓடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தரம் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் நல்லவை. ஆனால் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கான முயல் கதை, யானைக் கதை. 14 வயதுப் பையன் அதைப் பார்த்ததும் மூடிவிடுகிறான். அவனுக்குக் கிரிக்கெட் வேண்டும், மோட்டார் சைக்கிள் வேண்டும், கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணனின் கதை வேண்டும். சொற்கள் இலகுவாக இருக்க வேண்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும். அப்படியான தமிழ்ப் பனுவல்கள் மிகக் குறைவு. மலையகத்தில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, கவிதை அரங்கு வைத்தால் மேடை நிறைந்துவிடும். அவர்களிடம் கேட்கிறேன், வாசிக்கப் பழகுகிற ஒரு 14 வயதுப் பிள்ளைக்காக ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்.

டேப் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். டேப்பைப் பிள்ளையிடம் வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், பாடசாலையிலேயே இருக்கட்டும். போன் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று சொல்லும் பெற்றோரின் பயம் நியாயமானது. லயத்து அறையில் அதைப் பூட்டி வைக்கவும் இடமில்லை. ஒரு டேப் குறைத்து வாங்கி, அந்தக் காசுக்கு ஹெட்போனும் தடித்த உறையும் வாங்குங்கள். இருபது பிள்ளைகள் ஒரே அறையில் சத்தமாகக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எங்கள் பக்கத்து மழையிலும் பனியிலும் அலுமாரிக்குள் சும்மா வைத்த மின்சாதனம் எதுவும் நிலைக்காது. தினமும் எடுத்துப் பாவிக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும். அதற்கு ஓர் ஆசிரியருக்கு நேரசூசியில் பாடவேளை ஒதுக்க வேண்டும். இதை அதிபரிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு டேப்பைக் கொடுங்கள்.

அதிபர்களின் நிலையும் எனக்குத் தெரியும். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்பது சாதாரண தரத்தில் எத்தனை பேர் சித்தி என்றுதான். 7ஆம் தரத்தில் எத்தனை பேர் இந்த வருஷம் வாசிக்கப் பழகினார்கள் என்று கேட்பதில்லை. அதனால்தான் டேப்பும் மேலதிக வகுப்பும் நல்ல ஆசிரியரும் 11ஆம் தரத்தை நோக்கியே போகிறார்கள். ஆனால் 7ஆம் தரத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு 11ஆம் தரத்தில் வரலாறும் விஞ்ஞானமும் எப்படிப் போகும்? வினாத்தாளையே வாசிக்க முடியாதே. பலர் அதுவரைக்கும் இருப்பதும் இல்லை. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இடைநிலை வகுப்புகளில் தமிழ் படிப்பிக்கிற நண்பர்களே, அடுத்த தவணை தொடங்கியதும் உங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, அது முன்பு பார்த்திராத ஐந்து வரியை வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். யாருக்கு டேப் தேவை என்ற பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும். நான் எழுதி வைத்திருக்கும் இலகு வாசிப்புப் பந்திகள் சில இருக்கின்றன. வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்களிடம் இருப்பதையும் எனக்கு அனுப்புங்கள்.