லிங்கன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதமா?

"என் மகனுக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று ஆபிரகாம் லிங்கன் ஓர் ஆசிரியரிடம் வேண்டுவதாக ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கருத்துகள் அருமை, சரி. ஆனால் அது லிங்கன் எழுதியதல்ல.

1953-ல் வெளியான அவருடைய எழுத்துகளின் முழுத் தொகுப்பில் அப்படி ஒரு கடிதமே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத் தளத்தில் அதை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மகன் ராபர்ட் ஒப்படைத்த தந்தையின் ஆவணங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன.

அதே தொகுப்பில் உண்மையான கடிதம் ஒன்று உண்டு. ராபர்ட்டின் நண்பன் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவில் தவறியபோது, அவனுக்கு லிங்கன் 1860 ஜூலை 22-ல் எழுதியது. மனம் தளராதே, கட்டாயம் வெல்வாய் என்று ஒரு தகப்பனைப் போலத் தேற்றுகிறார். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

அந்தப் போலிக் கடிதம் வந்தால் தயவுசெய்து லிங்கன் பெயரில் பகிர வேண்டாம், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.