சந்தா கேட்கும் முன் ஒரு வெண்டைக்காயைப் பறிக்க விடுங்கள்

தோட்டக்கலை இதழ் நடத்துகிறவர்களிடம் பேசினால் ஒரே புலம்பல்தான்: புது வாசகர்கள் வருவதில்லை. சரி, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்றால், "இலவசப் பிரதி கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்கிறார்கள். எங்கே, எப்போது, யாருக்கு என்று கேட்டால்தான் சிக்கல் தெரிகிறது. நான் இலவசப் பிரதிக்கு எதிரி இல்லை. என் கட்சியே அதுதான். ஆனால் இப்போது கொடுக்கிற விதத்தில் கொடுப்பது காகிதத்துக்குப் பிடித்த கேடு.

பாளையங்கோட்டையில் நடக்கும் புத்தகத் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் தை, மாசி, பங்குனியை ஒட்டித்தான் வரும். அரங்கு வாசலில் நின்று ஆளுக்கொரு இதழை நீட்டுகிறார்கள். வாங்குகிறவரும் ஆசையோடுதான் வாங்குகிறார். வீட்டுக்குப் போய்ப் புரட்டுகிறார், தக்காளி வைக்கலாம் போலிருக்கிறதே என்று இரண்டு பையில் மண் நிரப்புகிறார். அதற்குள் வெயில் வந்துவிடுகிறது. நம்ம ஊரில் சித்திரை மாதம் மத்தியானம் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், செருப்பில்லாமல் நிற்க முடியுமா? பழகியவர்களே இருக்கிற செடியைக் காப்பாற்றினால் போதும் என்று நிழல்வலை கட்டிக்கொண்டு அல்லாடும் மாதம் அது. புதிதாக வந்தவருக்கு நாற்று கருகும், இதழ் பரணுக்குப் போகும். அப்புறம் எங்கே சந்தா?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று வருஷா வருஷம் தலைப்புப் போடுகிறவர்கள், இதழை விதைக்கும்போது மட்டும் பட்டம் பார்ப்பதில்லை.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். நம் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடி, ஆவணியில் விதைத்தால் அந்த மழைக்குள் செடி வேர்பிடித்து நின்றுவிடும். ஆனால் இங்கே ஆடி என்றால் காற்றும் உண்டு. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற காற்றை நம்பித்தானே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. சென்னையில் உட்கார்ந்து எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வள்ளியூர்க்காரர் ஆடியில் மாடியில் புடலைப் பந்தல் போட்டால், பந்தலைப் பக்கத்துத் தெருவில் போய்த்தான் எடுத்து வர வேண்டும். மேற்குப் பக்கம் படுதா கட்டு, பந்தலைக் காற்று அடங்கியபிறகு பார்த்துக்கொள் என்று ஒரு துண்டுத்தாளை இதழுக்குள் வைத்துக் கொடுத்தால் போதும். இது ஒன்றும் பெரிய செலவில்லை.

அடுத்து, எதைக் கொடுப்பது? புது இதழ் வேண்டாம், போன வருடத்து ஆடி இதழைக் கொடுங்கள் என்பேன். அரசியல் வார இதழ் அடுத்த வாரமே பழசாகிவிடும். வெண்டைக்கு அப்படியா? போன ஆடியில் எப்படி முளைத்ததோ அப்படித்தான் இந்த ஆடியிலும் முளைக்கும். விற்காமல் ஏஜெண்டிடமிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் கட்டுகள் கடைசியில் எடைக்குத்தான் போகின்றன. விளம்பரதாரரிடம் காட்டவும் இலவசப் பிரதி உதவாது. 1948 முதல் இங்கே பிரதி விற்பனையைத் தணிக்கை செய்துவரும் ஏ.பி.சி. அமைப்பு, காசு கொடுத்து வாங்கிய பிரதிகளைத்தான் கணக்கில் எடுக்கும். ஆக, இலவசத்துக்கென்று தனியாக அச்சடிப்பது வீண். அச்சடித்து மீந்ததைக் கொடுப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. மானியம், விலை பற்றிய பக்கங்கள் மட்டும் பழசாகியிருக்கும், அதை மேலே ஒரு முத்திரை குத்திச் சொல்லிவிடலாம்.

சிறுகிழங்கை நினைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு அது இல்லாமல் நமக்குச் சரிப்படாது. மார்கழி, தை இதழில் சிறுகிழங்கைப் பற்றிப் படத்தோடு பிரமாதமாக எழுதுவார்கள். படிக்கிறவருக்கு நாக்கில் நீர் ஊறும், அவ்வளவுதான், நடுவதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கிழங்கை முளைக்க வைத்து, அதிலிருந்து வரும் கொடியின் தலைப்பை நறுக்கி ஆடி, ஆவணியில் நட்டால்தான் ஐந்து மாதம் கழித்துப் பொங்கல் பானை பக்கத்தில் வந்து உட்காரும். அந்தத் தை இதழை எடுத்துவைத்திருந்து ஆடியில் கடையம், ஆலங்குளம் பக்கம் கொடுத்துப் பாருங்கள். அதே கட்டுரைதான், ஆனால் படித்தவர் மறுநாளே கொடி தேடிக் கிளம்புவார்.

இதழோடு விதைப் பொட்டலம் ஒட்டித் தருவது பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஒட்டுவதில் தப்பில்லை. அந்த விதை எத்தனை மாதம் எந்தத் தகரக் கொட்டகையில் வெந்து கிடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் விதையின் முளைப்புத்திறன் போய்விடும். வெங்காய விதையெல்லாம் சாதாரணமாகவே வருடம் தாண்டினால் சந்தேகம்தான். புதிதாகத் தொடங்குகிறவர் அதை மண்ணில் போட்டுவிட்டு, காலையும் மாலையும் குனிந்து பார்ப்பார். ஒன்றும் வராது. அவர் இதழைத் திட்ட மாட்டார், விதையைத் திட்ட மாட்டார். "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிக்கொள்வார். எங்கள் தெருவில் இப்படிச் சொல்லிவிட்டுத் தொட்டிகளைக் கவிழ்த்துப் போட்ட மதினிமார்களை எனக்குத் தெரியும். கைராசி இல்லை என்று ஒருவர் ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், அவரைத் திரும்பத் தோட்டத்துக்குக் கொண்டுவர எந்த இதழாலும் முடியாது. விதை ஒட்டுவதென்றால் அந்த மாதம் வாங்கிய புது விதையை ஒட்டுங்கள், பொட்டலத்தில் தேதி போடுங்கள். முடியாதென்றால் ஒட்டாதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் ஜெ. ஐ. ரொடேல் என்பவர் 1942-இல் இயற்கை விவசாயத்துக்கென்று ஒரு மாத இதழ் தொடங்கினார். நம்ம இந்தூரில் இருந்து மட்கு உரம் செய்யும் முறையை உருவாக்கிய ஆல்பர்ட் ஹோவர்டின் பெயரும் அந்த இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தது. முதல் இதழை ரொடேல் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார். சந்தா கட்டியவர்கள் மிகச் சொற்பம். அப்புறம்தான் அவர் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பக்கம் திரும்பினார், இதழ் பிழைத்துக்கொண்டது, பெரிய நிறுவனமாகவும் வளர்ந்தது. இங்கேயும் அதே கூத்துதான். மாடித்தோட்ட இதழைக் கட்டுக்கட்டாக உழவர் கூட்டங்களில் இறக்குகிறார்கள். பிசான நெல் நடவுக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தவித்துக்கொண்டிருக்கும் அம்பாசமுத்திரத்து விவசாயிக்கு, பெயின்ட் வாளியில் கொத்தமல்லி வளர்க்கும் விதம் எதற்கு?

இதழ் போக வேண்டிய இடம் நர்சரி. அதைவிட, லோடு ஆட்டோவில் தெருத்தெருவாக ரோஜாச் செடி விற்று வருகிறார்களே, அவர்கள் கை. எங்கள் பக்கம் வரும் ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, பூவோட நிக்குற செடியப் பாத்துத்தான் வாங்குதாங்க. அடுத்த தடவ வந்தா, பட்டுப்போச்சுன்னு என்னையத்தான் ஏசுதாங்க." ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பும் காட்டுத்தளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. செடி வாங்குகிறவர் அந்த நிமிஷம் காசை எடுத்துவிட்டார், ஆசை வந்துவிட்டது, சந்தேகமும் வந்துவிட்டது. அவர் கையில் ஒரு இதழ் போனால் கட்டாயம் பிரிப்பார். விற்கிறவருக்கும் ஏச்சு குறையும். சலூனிலும் ஒன்று போட்டு வைக்கலாம், தப்பில்லை.

"சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். ஒரு இதழோடு நிறுத்தினால் அது உண்மைதான். ஆடியில் வெண்டை போடச் சொல்கிறீர்கள். ஒரு வாரத்தில் முளைக்கிறது, ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரம் அசுவிணிப் பூச்சி வரும். அதன் பிறகு இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும். வெள்ளை ஈ பரப்பும் நோய் அது, மருந்து தேடி அலையாமல் அந்தச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டும், மற்றதைக் காப்பாற்ற வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்க வேண்டும். இதை அவருக்கு அந்த வாரம் யார் சொல்வது? நீங்கள் கொடுத்த ஒற்றை இதழில் விதைப்பதோடு கதை முடிந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இலவசத்துக்கு அளவு ஒரு பிரதி இல்லை, ஒரு வெண்டைச் செடியின் ஆயுசு. ஆடி இதழ் நர்சரியில். அங்கேயே முகவரி வாங்கிக்கொண்டு ஆவணி, புரட்டாசி இதழ்களைத் தபாலில் அனுப்புங்கள். விதைத்து நாற்பத்தைந்து நாள் வாக்கில் முதல் காய் பறிப்பார்கள், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துக்கொண்டே இருப்பார்கள். தன் வீட்டுக் காயில் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டவரிடம் சந்தாப் படிவத்தை நீட்டினால் அவர் பேரம் பேச மாட்டார். ஜிபே எண்ணைப் பெரிய எழுத்தில் போட மட்டும் மறக்காதீர்கள். பாதிப் பேர் சந்தா கட்டாமல் விடுவது அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துத்தான் என்று எனக்கொரு சந்தேகம்.

மூன்று இதழ் அனுப்பக் கட்டுமா என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஒன்று கொடுப்பதை விட்டு முந்நூறு பேருக்கு மூன்று கொடுங்கள் என்பதுதான் என் பதில். செலவு கிட்டத்தட்ட அதே அளவுதான். தபால் செலவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். பாளை, டவுண், மேலப்பாளையம், வண்ணார்பேட்டை என்று ஊருக்குள்ளேயே இருப்பவர்களுக்கு, இதழ் போடுகிற ஏஜெண்ட் பையனிடமே கொடுத்துவிடலாம்.

யாராவது இதைச் செய்வார்கள் என்று காத்திருந்து பிரயோஜனம் இல்லை போலிருக்கிறது. என்னிடம் பல வருடத்து ஆடி, ஆவணி, புரட்டாசி இதழ்கள் கட்டிக் கிடக்கின்றன. இந்த ஆடியில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பாளைப் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், மூன்றும் சேர்த்துத் தருகிறேன். ஏற்கெனவே தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்காதீர்கள், உங்களுக்கு இல்லை. உங்களில் யாரிடமாவது சிறுகிழங்குக் கொடி மிச்சம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், இதழோடு ஆளுக்கு நாலு கொடித் தலைப்பு வைத்துக் கொடுத்துவிடலாம்.